தமக்கையிடம் வராதவன்

தம்பியைப் புதைத்த ஒன்பதாம் நாள் பிலின்னா புகுந்த வீட்டிலிருந்து கிரேக்க நாட்டுத் தனாக்ரா ஊருக்கு வந்து சேர்ந்தாள். கழுதையை விட்டு இறங்கும்போது உச்சிவெயில். சாவு வீடு என்பதற்காக வாசலில் வைத்த தண்ணீர்ப் பானையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. முற்றத்து ஒலிவ மரத்தில் சிள்வண்டுகள் விடாமல் இரைந்துகொண்டிருந்தன.

தாய் செத்தபோது மினாசோனுக்கு இரண்டு வயது. அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் பிலின்னாதான். அவனுக்காகவே இருபத்தைந்து வயதுவரை கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவள். அவனைக் கொன்றவன் அவனுடைய மச்சினன் சௌகெனஸ். மனைவி அர்கிப்பேயின் உடன்பிறந்த தம்பி. திராட்சை அறுவடை விருந்தில், குடிபோதையில், ஒரு கிண்டல் பேச்சுக்காகக் கொடி வெட்டும் கத்தியைப் பாய்ச்சிவிட்டான். இப்போது ஊருக்கு வெளியே கோயில் பலிபீடத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அங்கே இருக்கும்வரை அவன்மேல் யாரும் விரல் வைக்க முடியாது.

மினாசோனுக்குப் பிள்ளை இல்லை. பழி தீர்க்க மிஞ்சிய ஒரே இரத்தம் அக்காதான்.

அன்றே கல்லறைக்குப் போனாள். கூந்தலை அறுத்து வைத்தாள். பாலும் தேனும் ஊற்றி, அவன் பெயரைச் சொல்லி நெஞ்சிலடித்து அழுதாள். பால் மண்ணுக்குள் இறங்கவில்லை. தேங்கி நின்று ஈ மொய்த்தது. அதற்குப் பக்கத்திலேயே அர்கிப்பே ஊற்றிய மதுவை மண் சட்டென்று இழுத்துக்கொண்டது. தாகமெடுத்தவன் மடக் மடக்கென்று குடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

பிலின்னா மிச்சப் பாலையும் ஊற்றிப் பார்த்தாள்; அதுவும் தேங்கியே நின்றது.

மறுநாள் நண்பகல். வீடே வெயிலுக்கு அஞ்சிக் கதவடைத்துக் கிடந்தது. அர்கிப்பேயின் அறையில் கிசுகிசுப்பு. அவள் ஏதோ சொன்னாள். தாழ்ந்த ஆண்குரல் ஒன்று பதில் சொன்னது. ஈரமண் வாடை நடைவரை வந்தது.

பிலின்னா கதவைத் தள்ளினாள்.

கட்டிலின் ஓரத்தில் அர்கிப்பே தனியாகப் படுத்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் அளவுக்கு மெத்தை அமுங்கியிருந்தது. பிலின்னா பார்க்கப் பார்க்க அது மெல்ல மேலெழுந்தது.

"தினமும் வர்றானா?"

"புதைச்ச நாள்லேர்ந்து வர்றார், மதினி."

"உன் தம்பி கையால செத்தவன், உன்னைத் தேடி வர்றானாக்கும்."

"பழி வேண்டாங்கறார். சௌகெனஸை விட்டுடச் சொல்றார்."

தன் தம்பியைக் காப்பாற்ற இவள் கட்டுகிற கதை என்று நினைத்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அமுங்கிய மெத்தையைக் கண்ணால் பார்த்துத் தொலைத்தாளே! ஒரே வயிற்றில் கிடந்தவளை விட்டுவிட்டு, ஏழு வருஷம் கூடப் படுத்தவளிடம் வருகிறான். இவள் அவனுக்கு என்ன செய்துவிட்டாள்? கொன்றவனுக்கு ரொட்டியும் அத்திப்பழமும் கொடுத்தனுப்புகிறாள்.

மூன்று நண்பகல்கள் நடையில் காத்துக் கிடந்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு குளிர் அவள் மேலாடையை உரசிக்கொண்டு போனது.

"டேய், அக்காடா."

நிற்கவில்லை.

நான்காம் நாள் அர்கிப்பே கல்லறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து பிலின்னா கோயிலுக்கு நடந்தாள். மன்னித்துவிட்டதாகச் சௌகெனஸிடம் சொன்னாள். கடல் தாண்டி அவனை அனுப்பப் படகு ஏற்பாடாகிவிட்டது, புறப்படுமுன் ஒரு வாய் சாப்பிட அவன் அக்கா வீட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்றாள். இருபது வயது நிரம்பாதவன். அவள் முழங்காலைப் பிடித்து அழுதுவிட்டு, பலிபீடத்தை விட்டு எழுந்து அவள் பின்னாலேயே வந்தான். முற்றத்தில் பருப்புக் கஞ்சியை வைத்தாள். கிண்ணத்தின்மேல் அவன் குனிந்தபோது பிடரியில் கோடரியை இறக்கினாள்.

திரும்பி வந்த அர்கிப்பே தம்பியின் முகத்தைக் கழுவி வண்டியில் கிடத்தினாள்.

"இதுக்கும் அவர் உங்ககிட்ட வரமாட்டார், மதினி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நண்பகல் பிலின்னா குளித்தாள். எண்ணெய் பூசிக்கொண்டு அர்கிப்பேயின் கட்டிலிலேயே படுத்தாள்.

சிள்வண்டுகளின் இரைச்சல் நின்றது.

நடையில் காலடி கேட்டது.

முதுகுக்குப் பின்னால் மெத்தை அமுங்கியது. ஆசையோடு கூப்பிட்டாள்.

"மினாசோன்?"

ஒரு கை அவள் தோளைத் தொட்டது. பிசுபிசுத்த, பருப்பு வாடை அடித்த கை. காதோரம் ஓர் இளங்குரல் பணிவாகக் கேட்டது:

"எங்கக்கா எங்கே?"

பலிபீடத்தில் அடைக்கலம் புகுந்தவனை ஏமாற்றிக் கொன்றவளை ஊர் வைத்துக்கொள்ளவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத ஓர் ஆட்டுக் குடிசையில் போய்த் தங்கினாள். வருஷம் இரண்டு கழித்து, கம்பளி வாங்கும் வியாபாரி ஒருவன் ஒரு காலை அந்த வழியாக வந்தான். அவன் அர்கிப்பேயின் ஊரைச் சேர்ந்தவன். அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மத்தியானத்துல அவ அறையில இன்னும் ஆம்பளைக் குரல் கேக்குதா?"

கேட்கிறது, ஊரே சொல்கிறது என்றான்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

பத்தடி நடந்தபின் வியாபாரி ஏனோ திரும்பிப் பார்த்தான். குடிசைச் சுவரில் அவள் நிழல் அசையாமல் இருந்தது. அதை ஒட்டி இன்னொரு நிழல், தலை குனிந்து, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.