கழற்றி வைத்த லீவர்

லீவரின் உச்சியிலிருந்த சிவப்புப் பந்து வெதுவெதுப்பாக இருந்தது.

சிஸுரு துணியைக் கீழே வைத்துவிட்டு, வெறும் விரலால் மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். ஜப்பானின் அமகசாக்கி நகரில் காலையிலிருந்தே மழை. ஷட்டரை இன்னும் ஏற்றவில்லை, ஹீட்டரும் போடவில்லை. படியிறங்கி வரும் அந்த கேம் சென்டரில் வரிசையாக நின்ற சண்டை விளையாட்டு இயந்திரங்களின் லீவர்களெல்லாம் பனிக்கட்டியாய்க் குளிர்ந்து கிடக்க, கடைசி ஜோடியில் சுவர்ப்பக்கம் பார்த்திருந்த இயந்திரத்தின் லீவர் மட்டும், யாரோ இப்போதுதான் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போனதுபோல் லேசான சூட்டோடும் பிசுபிசுப்போடும் இருந்தது. விரலை முகர்ந்தாள். வியர்வை.

லீவரை இடப்பக்கம் தள்ளிவிட்டாள். விட்டதும் சட்டென்று நடுவுக்கு வந்து நிற்க வேண்டியது, ஒரு கணம் தயங்கி, பிறகு மெல்ல நிமிர்ந்தது. ஸ்பிரிங் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாவி போட்டுப் பலகையைத் திறந்து, ஒயரைப் பிடுங்கி, நான்கு திருகுகளையும் கழற்றி, லீவரை அதன் சுவிட்சுகளோடு முழுதாக எடுத்தாள். பலகையை மூடினாள். நடுவே நாணயம் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன்மேல் டேப்பை ஒட்டிவிட்டு, ‘பழுது’ என்ற அட்டையைத் திரைக்குக் கீழே மாட்டினாள்.

பின்கதவு வழியாக ஷூஹேய் வந்தான்; அவன் நுழைந்ததும் சிஸுரு தாழ்ப்பாளைப் போட்டாள். அவளுடைய தம்பி. கிடங்கு வேலையை விட்டபின் அவள் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை. சனிக்கிழமை ஒசாகாவில் இந்த விளையாட்டுக்குப் போட்டி. கடை திறக்கும்வரை அவன் இங்கே பழகிக்கொள்ளட்டும் என்று முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள்.

“எனக்கும் ஒரு காப்பி எடேன்க்கா.”

“மெஷின்ல காசு போட்டு எடுத்துக்கோ. துரைக்கு நான் ஊட்டி வேற விடணுமா?”

“சனிக்கிழமை ஜெயிச்சுட்டு வரேன், அந்த மெஷினையே உனக்கு வாங்கித் தரேன்.”

“போன தடவையும் இதையேதான் சொன்ன. முதல் ஆட்டத்துலயே மூட்டையைக் கட்டிட்டு வந்து நின்ன.”

அவன் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரை ஏறவில்லை. இன்னொரு தோல்வியை அவன் தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பாதி தின்ற சோற்று உருண்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கடைசி ஜோடியின் முன்பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இரண்டு இயந்திரங்களும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. எதிரே உட்கார்ந்து ஆடுகிறவரின் முகம் எவருக்கும் தெரியாது.

சிஸுரு மூலையிலிருந்த மேசையில் லீவரைப் பிரித்தாள். அடியிலிருந்த வளையத்தை நெம்பி எடுத்ததும் தண்டு, ஸ்பிரிங், பிளாஸ்டிக் மூடி எல்லாம் கையோடு வந்தன. பழைய கிரீஸின் மக்கிய வாடை. ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை. துடைத்து, புது கிரீஸ் தடவிக்கொண்டே தம்பியின் கையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் லீவரை அசைக்கும் சத்தம் அவளுக்கு அத்துப்படி. மழை ஓட்டில் விழுவதுபோல் படபடவென்று, பயந்தவனின் அவசரத்தோடு கேட்கும். அதற்கு நடுவே இன்னொரு சத்தம். நிதானமானது. ஒரு கிளிக். இடைவெளி. இரண்டு கிளிக். ஒவ்வொன்றுக்கும் பிறகு தம்பியின் கை ஒரு கணம் தடுமாறியது.

“யாருக்கா அந்தாண்ட? ஆளு செம கில்லாடி.”

“கம்ப்யூட்டர்கூடத்தானே ஆடற?”

“கம்ப்யூட்டர் இப்படி ஆடாதுக்கா. நான் என்ன செய்யப்போறேன்னு எனக்கு முன்னாடி இவருக்குத் தெரியுது.”

“ஷூஹேய், அந்தப் பக்கத்து லீவர் என் கையில இருக்கு.”

“கையில வெச்சுக்கிட்டே இந்த அடியா? பொருத்தியிருந்தா என் கதி என்ன?”

அவன் திரையைவிட்டுத் திரும்பவில்லை.

அவள் எழுந்தாள். கையில் கிரீஸ் பிசுபிசுத்தது. இயந்திரங்களின் ஓரமாக, சுவரைத் தொட்டபடி பின்பக்கம் போனாள். முக்காலி காலியாக இருந்தது. ‘பழுது’ அட்டை அப்படியே தொங்கியது. திரையில் இரண்டு வீரர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள்.

டேப் அசைந்தது.

உள்ளே இழுபட்டது. வெளியே புடைத்தது. கிளிக். கிளிக் என்று சத்தம் எழுப்ப அங்கே ஒரு சுவிட்சும் இல்லை. எல்லாமே மேசைமேல் கிடந்தன. பிறகு பட்டன் ஒன்று தானாகத் தாழ்ந்தது. மேலிருந்து அழுத்தியதுபோல் இல்லை. கீழிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல். அடுத்தது தாழ்ந்தது. அதற்கடுத்தது.

“ஷூஹேய், எழுந்திரு.”

“இந்த ஒரு ஆட்டம்...”

“எழுந்திருடா!”

அவனுடைய லீவரின் படபடப்பு நின்றுவிட்டிருந்தது. பிறகு மெதுவாக, சின்ன வயதில் இருட்டில் கூப்பிடுவானே, அந்தக் குரலில் சொன்னான்:

“அக்கா, கை வரமாட்டேங்குது.”

ஓடினாள். மூலையில் இடித்துக்கொண்டாள். சுற்றி வந்தாள்.

முக்காலி மெல்லச் சுழன்று நின்றது. அதில் யாருமில்லை. சோற்று உருண்டை. ஈரக் குடை. லீவர் நடுவில் நேராக நின்றது. பின்கதவில் அவளே போட்டிருந்த தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

“ஷூஹேய்?”

மழைச் சத்தம்.

பின்பக்கம் டேப் கிழிந்தது.

போகக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. போனாள்.

ஓட்டையிலிருந்து இரண்டு விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. நகம் கடித்த விரல்கள். அவன் விரல்கள். அந்த ஓட்டையில் அதற்குமேல் எதுவும் வர முடியாது. அவை பலகையைத் தடவின. இடப்பக்கம், வலப்பக்கம். இருக்க வேண்டிய எதையோ தேடின. கிடைக்கவில்லை. மறுபடி தேடின.

சாவியால் பலகையைத் திறந்தாள். கீழே ஒயர்கள் மட்டும் தொங்கின. வெறும் தகரப்பெட்டி. மூடினாள். விரல்கள் இருந்தன.

“நான் இங்கதான் இருக்கேன்,” என்றாள். “பயப்படாத. அக்கா இருக்கேன்.”

கையை நீட்டினாள்.

விரல்கள் அவள் ஆள்காட்டி விரலைத் தொட்டன. நின்றன. அதைச் சுற்றி வளைந்தன. இறுகின.

“ஷூஹேய், வலிக்குதுடா.”

லீவரைப்போல் அவள் விரலை இடப்பக்கம் சாய்த்தன.

திரையில் வீரன் இடப்பக்கம் ஓர் அடி வைத்தான்.

கீழே அழுத்தின. வீரன் குனிந்தான். அவளும் குனிந்தாள், குனியாமல் இருக்க முடியவில்லை. அவள் விரலின் எலும்பு முறிந்தது. விரல்கள் விடவில்லை. நிதானமாக, அவசரமே இல்லாமல், அவளை வலப்பக்கம் சாய்த்தன.

எதிர்ப்பக்கத்தில், ஷூஹேய் இருந்த காலி முக்காலி கிறீச்சிட்டது. யாரோ வசதியாக உட்கார்ந்தார்கள்.