வில்யா மடக்காத விரல்கள்

வில்யாவின் கை மேசைமேல் சும்மாதான் கிடந்தது. ஆனாலும் ஸ்பீக்கர் கரகரத்தது.

தசை இழுத்தால்தான் அது கரகரக்க வேண்டும். உளவியல் படிக்கிற வில்யாவின் முன்கையில் ஒட்டியிருந்த பட்டைகள் நரம்புத் துடிப்பை ஸ்பீக்கர் வைத்த ஒரு சின்னப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை எதிரே உட்கார்ந்திருந்த மின்னணுவியல் மாணவி ரீக்காவின் கைக்கு மின்சாரமாகக் கொடுக்கும். இவள் விரலை மடக்கினால் அவள் விரல் தானாக மடங்கும். வடகோடிப் பனி நாட்டின் அவுலு நகரக் கல்லூரியில் ஆசிரியை ஹெல்வியின் நரம்பியல் வகுப்பு இப்படித்தான். எல்லாத் துறைப் பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, கையால் செய்து பார்க்கச் சொல்லுவார்.

"ஹெல்வி, நான் அசைக்கவே இல்லை. சத்தம் மட்டும் வருது."

"பட்டை சரியா ஒட்டலைம்மா. அழுத்தி விடு. நான் காபி எடுத்துட்டு வரேன்."

மற்றவர்கள் முடித்துப் போயிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. பனி வழிக்கும் வண்டியின் உறுமல், பக்கத்து மேசைத் தட்டில் அறுத்துவைத்த ஆட்டு மூளையின் மருந்து நெடி, அதற்கெல்லாம் நடுவே அந்தக் கரகரப்பு, காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறித்ததுபோல.

"என்னடி, என்னை அறையணும்னு நெனைக்கிறியா?" ரீக்கா சிரித்தாள். "அப்படி என்ன பண்ணிட்டேன்?"

என்ன பண்ணினாளாம். அந்தப் பெட்டிக்கு ஈயம் பற்றவைத்து விரலைச் சுட்டுக்கொண்டவள் வில்யா. "நானே செஞ்சேன்" என்று காலையில் ஹெல்வியிடம் கூசாமல் சொன்னவள் ரீக்கா. வில்யாவுக்கு வயிறு எரிந்தது.

"ஒண்ணும் இல்லடி," என்றாள்.

கரகரப்பு ஏறியது. ரீக்காவின் கை முஷ்டியாக மடங்கி அவள் வாயிலேயே குத்தியது. மறுபடியும். பல் ஒன்று தெறித்து மேசையில் உருண்டது.

வில்யா தன் பட்டைகளைப் பிய்த்தெறிந்தாள். பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை. ரீக்காவின் கை தட்டிலிருந்த அறுவைக் கத்தியை எடுத்துத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனது. வில்யா இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அது நகர்ந்துகொண்டே இருந்தது.

"நிறுத்துடி."

"நான் இல்லடி. கம்பியே இல்லை, பாரு."

"நீதான். எனக்குள்ள தெரியுது."

கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு. வில்யாவுக்கும் தெரிந்துவிட்டது. தன் கோபம் போகாமல் ரீக்கா பிழைக்க மாட்டாள். வகுப்பின் முதல் நாளில் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டிய ரீக்காவை நினைத்தாள். பெட்டி உன்னோடதே, எடுத்துக்கோடி, என்று அழுதாள். மனசார.

கரகரப்பு அடங்கியது. கத்தி மேசையில் விழுந்தது. வில்யாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரீக்கா நிமிர்ந்தாள். உடைந்த வாயிலிருந்து ரத்தம் வழிய, வில்யாவையே பார்த்தாள். அந்தப் பார்வையில் சிநேகம் துளியும் இல்லை. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் அசையாமல் கிடந்தன.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"வேண்டாம்டி," என்றாள் வில்யா.

வில்யாவின் வலது கை தானாகவே மேசைமேல் ஊர்ந்து போனது. விரல்கள் ஒவ்வொன்றாகக் கத்திப்பிடியின் மேல் மடங்கின.