மாமாவைச் சாப்பிடுறாள்!

பிரவீணன் தமிழில் வாய் திறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

அவனை வாய் பேசாத பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில், மோர்டனில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தான் என்றால் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். அம்மாவும் அப்பாவும் தமிழில் சொல்வதெல்லாம் அவனுக்கு நன்றாகப் புரியும். பதில்தான் ஆங்கிலத்தில் வரும்.

எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்த வினை. போன வருடம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவன் இருந்தபோது, வாசலில் அம்மா வந்து கைகாட்டினாள். பிரவீணன் எழுந்து நின்று, "ரீச்சர், அம்மா என்னைச் சாப்பிடுறா!" என்றான்.

'கூப்பிடுறா' என்று சொல்லத்தான் நினைத்தான். நாக்கு தடம் மாறிவிட்டது. வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அடுத்த வாரமும் விடவில்லை. "இன்னும் நீ மிச்சம் இருக்கிறாயா?" என்று கேட்டார்கள். அன்றைக்குத் தமிழுக்குப் பூட்டுப் போட்டவன்தான்.

இந்தக் கோடை விடுமுறையில் அந்தப் பூட்டுக்குச் சோதனை வந்தது. அம்மாவோடு யாழ்ப்பாணத்தில் ஒன்றாகப் படித்த பெர்னடெற் மாமி, இத்தாலியில் பலெர்மோ என்ற நகரத்தில் இருக்கிறாள். கடலோரத்தில், இரண்டாயிரத்து எழுநூறு வருடப் பழமையான நகரம். "ஒரு கிழமை வந்து நில்லுங்கோ" என்று மாமி கூப்பிட்டாள். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை, லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் பிரவீணனும் ஐந்து வயதுத் தங்கை ஜதுர்ஷிகாவும் புறப்பட்டார்கள்.

"மாமிக்கு உன்ர வயசில ஒரு மகள் இருக்கிறா. அருள்மலர் எண்டு பேர். உனக்கு நல்ல சிநேகிதியா இருப்பா," என்றாள் அம்மா விமானத்தில்.

"அவளுக்கு இங்கிலிஷ் தெரியுமா?" என்று பிரவீணன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"தெரியாது. இத்தாலியனும் தமிழும்தான்."

விமானம் ஆடவே இல்லை. ஆனாலும் பிரவீணன் இருக்கைப் பட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

பலெர்மோவில் அருள்மலர் கையில் ஒரு நீளமான தாளோடு வீட்டு வாசலில் நின்றாள். ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் அவள். விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டிய இடங்களை ஒரு வாரமாக யோசித்து, தமிழில் எழுதி, பக்கத்தில் படமும் வரைந்து வைத்திருந்தாள்.

"பிரவீணன், உனக்கு முதல்ல கடல் பாக்க விருப்பமோ, கோயில் பாக்க விருப்பமோ?" என்று ஆசையாகக் கேட்டாள்.

பிரவீணன் "ஓகே" என்றான். அது பதிலே இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

மறுநாள் காலை அவன் முகம் கழுவப் போனபோது, கதவுக்கு வெளியே நின்று அருள்மலர் கத்தினாள். "பிரவீணன், 'சி' எண்டு போட்ட பைப்பைத் திறக்காதே!"

ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். லண்டனில் 'சி' என்றால் கோல்ட், குளிர்ந்த தண்ணீர். தைரியமாகத் திறந்தான். அடுத்த நொடி "ஆ!" என்று துள்ளினான்.

"சொன்னனானெல்லோ! இஞ்சை 'சி' எண்டால் கால்தோ. கால்தோ எண்டால் சுடுதண்ணி!"

மாமியின் கணவர் செபமாலைமுத்து மாமா உடம்பு குலுங்கச் சிரித்தார். ஆள் பெரியவர், மீசை அதைவிடப் பெரியது. தங்கை ஜதுவுக்கு அவரை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. "மாமா, தூக்குங்கோ! மாமா, ஐஸ்கிரீம்! மாமா, அங்கை பாருங்கோ!" என்று நிமிடத்துக்கு நாலு தரம் மாமாதான். தமிழ் பிழையோ சரியோ, அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

எல்லோரும் முதலில் பெரிய தேவாலயத்துக்குப் போனார்கள். அது ஒரு மலை அளவுக்கு இருந்தது. வாசல் தூண் ஒன்றில் வளைந்து வளைந்து ஏதோ செதுக்கியிருந்தார்கள்.

"இது அரபு எழுத்து," என்றாள் அருள்மலர். "முந்தி இந்த இடத்தில பள்ளிவாசல் இருந்ததாம். பிறகு தேவாலயம் கட்டேக்க இந்தத் தூணை எறியாமல் வைச்சிட்டினம் எண்டு சொல்லுகினம்."

பிரவீணனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. 'இதை இப்போதும் யாராவது வாசிப்பார்களா?' என்று கேட்க ஆசை. கேள்வியை மனதுக்குள் தமிழில் கட்டினான். 'வாசிப்பினமா'வா, 'வாசிக்கிறவையா'வா? மூன்று தரம் கட்டிக் கலைத்துத் திரும்பவும் கட்டி முடித்தபோது, அருள்மலர் தாளில் அந்த இடத்தைக் கோடு போட்டு வெட்டிவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அம்மாவும் மாமியும் தேவாலயத்துக்கு முன்னால் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். இருபது வருடக் கதை பாக்கி இருந்தது, லேசில் எழுந்திருப்பார்களா? மாமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய சந்தைக்குப் போனார். போகிற வழியில் அருள்மலர் தன் அப்பாவிடம் மெல்லச் சொன்னது பிரவீணன் காதில் விழுந்தது.

"அப்பா, அவனுக்கு என்னோட கதைக்க விருப்பமில்லை. லண்டன் ஆக்களுக்கு நாங்கள் கண்ணில தெரியமாட்டம்."

பிரவீணன் அவள் பக்கம் திரும்பினான். அப்படி இல்லை, அப்படி இல்லவே இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் எந்த மொழியில் சொல்வது?

சந்தை ஒரே இரைச்சல். இரண்டு பக்கமும் கடைகள். தலைக்கு மேலே சிவப்புத் துணிப் பந்தல். ஒவ்வொரு கடைக்காரரும் பாட்டுப் பாடுகிற மாதிரிக் கூவினார். ஒரு மீன்கடையில் வாள்மீன் தலையொன்று மூக்கை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

"நான் கணவாய் வாங்கிக்கொண்டு வாறன். பிரவீணன், தங்கச்சியின்ர கையைப் பிடிச்சுக்கொள்," என்றார் மாமா.

பிரவீணன் பிடித்துக்கொண்டான். அப்போது அருள்மலர் கடைசி முறையாக முயன்று பார்த்தாள்.

"லண்டனிலயும் இப்பிடிச் சந்தை இருக்குதோ?"

இருக்கிறது என்று சொல்லலாம். மோர்டனில் தமிழ்க் கடைகள் இருப்பதையும், முருங்கைக்காய் வாங்க அம்மா மழையிலும் போவதையும் சொல்லலாம். பிரவீணனோ கைப்பேசியை எடுத்து, வாள்மீனைப் படம் பிடிக்கிறவன் போல முகத்தை மறைத்துக்கொண்டான். படம் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது.

படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் கையைக் கீழே விட்டுத் துழாவினால் ஜது இல்லை.

"ஜது!"

முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எங்கே பார்த்தாலும் கூடைகளும் கால்களும்தான். கணவாய்ப் பையோடு வந்த மாமாவின் முகம் வெளுத்துப்போனது.

"நான் தேவாலயப் பக்கம் பாக்கிறன். நீங்கள் ரெண்டு பேரும் இந்த மீன்கடையை விட்டு அசையாதேங்கோ!" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கையை விட்டது அவன்தான். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பயந்துகொண்டு விட்டான்.

அருள்மலர் நேரத்தை வீணாக்கவில்லை. மீன்காரரிடம் இத்தாலியனில் படபடவென்று ஏதோ சொன்னாள். அவர் நெஞ்சை நிமிர்த்தி, பக்கத்துக் கடைக்குக் கேட்கக் கத்தினார். பக்கத்துக் கடைக்காரர் அடுத்த கடைக்குக் கத்தினார். செய்தி கடை கடையாகத் தாவிப் போயிற்று. சற்று நேரத்தில் பதிலும் அதே மாதிரித் தாவி வந்தது. ஆனால் இருபது வாய்களைத் தாண்டி வந்ததில் ஒரு துண்டுதான் மிஞ்சியிருந்தது.

"மம்மா! மம்மா!" என்றார் மீன்காரர், கண்ணைக் கசக்கி அழுதுகாட்டி.

அருள்மலரின் முகம் வாடியது. "சந்தை முடியிற இடத்தில ஒரு பிள்ளை அழுகுதாம். ஆனா அது எங்கட ஜது இல்லை. 'மம்மா' எண்டு அழுகுதாம். மம்மா எண்டால் இத்தாலியனில அம்மா. இத்தாலிப் பிள்ளை ஒண்டு. நான் மாமாவைத் தேடுற பிள்ளை எண்டுதான் கேட்டனான்."

பிரவீணனுக்கு இத்தாலியனில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெரியாததால்தான் அவன் காதில் அர்த்தம் விழவில்லை, சத்தம் மட்டும் விழுந்தது. மம்மா, மம்மா. காலையிலிருந்து நிமிடத்துக்கு நாலு தரம் கேட்ட சத்தம்.

காலையில் 'சி' என்று திறந்தால் சுடுதண்ணீர் வந்ததே!

"அது ஜது!" என்றான். வாய் திறந்தே விட்டது. இனி மூட நேரமில்லை. "ஜதுதான்! அவள் அம்மாவை இல்லை... அவள் மாமா... அருள்மலர், அவள் மாமாவைச் சாப்பிடுறாள்!"

அருள்மலர் ஒரு கணம் விழித்தாள். பிறகு அவள் கண்கள் அகலமாயின.

"மாமா... மம்மா! ஐயோ, ஓம்!"

அவள் மீன்காரரிடம் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, மாமா திரும்பி வந்தால் அனுப்பிவைக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு, "வாருங்கள்" என்று கையை ஆட்டினார். கையில் இருந்த மீனைக் கீழே வைக்க மறந்துவிட்டார். அந்த மீனைக் கண்டே கூட்டம் விலகி வழிவிட்டது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள்.

சந்தை முடிகிற இடத்தில், ஒலிவ்காய் விற்கும் கடை வாசலில், கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் ஜது உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் தர்ப்பூசணித் துண்டு. கன்னத்தில் கண்ணீர்க் கோடு. சுற்றிவர ஏழு பெண்கள். எட்டாவதாக ஒருத்தியை யாரோ இழுத்துக்கொண்டு வந்தார்கள். "மம்மா?" என்று கேட்டார்கள். ஜது கோபமாகத் தலையாட்டினாள்.

"ஜது!"

"அண்ணா!" என்று பாய்ந்து வந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அண்ணா, இவைக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் மாமா எங்கை, மாமா எங்கை எண்டு கேட்டால், பொம்பிளையளையே கூட்டிக்கொண்டு வருகினம்!"

பிரவீணன் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எது முதலில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார். ஜது இரண்டு கையையும் விரித்தாள். "மாமா!"

ஏழு பெண்களும், எட்டாவது பெண்ணும், மீன்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறடி உயரத்தில், பெரிய மீசையோடு, கணவாய்ப் பையோடு நின்றது இந்தப் பிள்ளையின் 'மம்மா'. அருள்மலர் விஷயத்தை விளக்கினாள். பிறகு அந்தத் தெருவே சிரித்த சிரிப்பில் பந்தல் துணி ஆடியது. மீன்காரர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, மீனையும் அவரிடமே கொடுத்துவிட்டார்.

திரும்பி நடக்கும்போது அருள்மலர் பிரவீணனின் பக்கத்தில் வந்தாள்.

"அங்கை நீ என்ன சொன்னனீ? மாமாவைச் சாப்பிடுறாளோ?"

அவள் சிரித்தாள். பிரவீணன் காது சூடாகக் காத்திருந்தான். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகு அவள் இன்னும் நெருங்கி வந்தாள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதே. நான் இஞ்சை வந்த புதுசில, பள்ளிக்கூட விழாவில எல்லாருக்கும் முன்னால 'எனக்கு மீன் ஜூஸ் வேணும்' எண்டு கேட்டனான். பெஸ்கா எண்டால் பீச் பழம். நான் பெஷே எண்டிட்டன். அது மீன்."

"மீன் ஜூஸ்!" பிரவீணன் நின்ற இடத்திலேயே குனிந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். "எனக்கு உன்னோட கதைக்க விருப்பம். தமிழ் பிழையா வரும் எண்டு பயம். அதுதான்."

"அதுக்கே? உனக்குத் தலைக்கனம் எண்டெல்லோ நான் நினைச்சன்!" அவள் தாளை எடுத்தாள். "வெட்டினதெல்லாம் திரும்பப் பாப்பமா?"

"ஓம்," என்றான். "முதல்ல அந்தத் தூண். எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

மிச்ச நாட்கள் முழுவதும் அவன் பேசினான். கடலில் பேசினான், மலையில் பேசினான், வாய் நிறைய ஐஸ்கிரீமோடும் பேசினான். அரைவாசி பிழை. அருள்மலர் அந்தப் பிழைகளில் நல்லவையாகப் பொறுக்கித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

மோர்டனுக்குத் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை. வேலை முடிந்து வந்த அப்பா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் கைப்பேசி அடித்தது. பிரவீணன் பாய்ந்து எடுத்துப் பார்த்தான்.

"அப்பா, நான் மேல போறன். அருள்மலர் என்னைச் சாப்பிடுறாள்!"

அப்பாவின் வாய்க்குப் போன சோறு பாதியில் நின்றது. "என்ன சொல்லுறான் இவன்? கூப்பிடுறாள் எண்டு திருத்தேல்லையோ நீர்?"

"விடுங்கோப்பா," என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அது அவையின்ர சொல்."