எதிரொலிக்காத வரி

அந்த ஒரு வரி மட்டும் எதிரொலிக்கவில்லை.

வாசலிலிருந்து எட்டுப் படி இறங்கி, அந்த வட்டக் களஞ்சியத்தின் நடுவில் நின்று பேசினால் ஒவ்வொரு சொல்லும் கூம்புக் கூரைவரை ஏறி, சற்றுத் தடித்த குரலில் திரும்பி வரும். தாராசுரம் கோயிலைப் பார்த்துவிட்டு வேனில் வரும் பயணிகள் அதற்காகவே கைதட்டிப் பார்ப்பார்கள். அன்று மதியமும் சுற்றிக்காட்டும் வேலையிலிருந்த அம்சம் மனப்பாடமாகச் சொன்னாள். முந்நூறு வருஷக் கட்டடம். எதிரொலித்தது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும். எதிரொலித்தது. பண்ணையாட்களைப் பெற்ற பிள்ளைகளைப் போல வைத்துக் காத்தார்கள்.

ஒன்றும் திரும்பவில்லை. சுவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

அதை எழுதிக் கொடுத்தவர் பண்ணையின் முதலாளி சாமிதுரை. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் வயல்களையெல்லாம் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றி, அந்த அறக்கட்டளைக்கு ஏதாவது காரணம் வேண்டுமே என்று காலிக் களஞ்சியத்துக்குச் சுண்ணாம்பு அடித்துப் புராதனச் சின்னம் ஆக்கியவர். தெருவில் பியூசி படித்திருந்த ஒரே பெண் என்று அம்சத்தை வேலைக்கு வைத்ததையும் மேடைகளில் சொல்லிக்கொண்டார். அவள் அப்பா தங்கையனைப் பற்றி மட்டும் பேசியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்திய ஐந்து பேரைப் பேசித் தீர்க்கலாம் என்று இங்கேதான் கூப்பிட்டார்கள். அவர்களில் தங்கையனும் ஒருவர். ஐந்து பேரும் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள் என்று மறுநாள் பண்ணையில் சொன்னார்கள்.

வேன் கிளம்பியது. அம்சம் கதவை மூட வந்தபோது, வருஷக்கணக்கில் ஒரு மணி நெல்கூட விழாத அந்த இடத்திலிருந்து புது நெல்லின் சூடான வாடையும், அதற்கடியில் வெயிலில் நாளெல்லாம் குனிந்த உடம்புகளின் வியர்வையும் மெதுவாக மேலேறி வந்தன. கூரைக்கு மேலே ஏதோ கனமாக இழுபட்டது. சாக்கு இழுக்கும் சத்தம்.

"இன்னும் பூட்டலியா?" பின்னாலிருந்து வந்த சாமிதுரை அவளைத் தாண்டிப் படியிறங்கினார்.

"அய்யா, பெத்த பிள்ளைங்க மாதிரின்னு ஒரு வரி வருதுல்ல. அதை இனிமே சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"எங்கப்பாவை என்ன செஞ்சீங்க?"

அவர் கோபப்படவில்லை.

"மேலேருந்து நெல்லு கொட்டிட்டிருந்தாங்க. இவனுங்க அஞ்சு பேரும் உள்ள நின்னானுங்க. நான் நிறுத்தச் சொல்லல. அவ்வளவுதான்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "தை மாசம் அள்ளிப் பார்த்தப்ப ஒருத்தனும் இல்ல. ஒரு எலும்புகூட இல்ல. அதான் எனக்கும் புரியல."

மூன்று மாதமாக அந்த வரியைச் சொன்ன நாக்கை அவளுக்குப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

அவர் தோளில் ஒரு நெல் விழுந்தது.

தட்டிவிட்டார். இன்னொன்று. அண்ணாந்து பார்த்தார். கூரையில் நெல் கொட்டும் திறப்பு மூடித்தான் இருந்தது. மூடிய திறப்பிலிருந்தே கொட்டியது. மழைபோல. பிறகு அருவிபோல. முழங்கால். இடுப்பு. படியேற முயன்றார். கால்கள் வரவில்லை. கீழே எதுவோ பிடித்திருந்தது.

"கை குடு, அம்சம்."

வாசற்படியிலிருந்து குனிந்து எட்டினால் தொடும் தூரம். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பயம் இருந்தது. பயத்தைவிடப் பெரியதாக ஒன்றும் இருந்தது.

"அம்சம். தாயீ."

மார்பு. கழுத்து. வாய்.

தலை மறைந்ததும் நெல் நின்றது. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. எங்கோ பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது.

நெல்லுக்குள்ளிருந்து கைகள் எழுந்தன. பத்துக் கைகள். கருத்த, காய்ப்பேறிய, அரிவாள் கிழித்த கைகள். நெல் அளக்கும் மரக்காலின் தலையை வழிப்பதுபோல, கொஞ்சமும் அவசரமில்லாமல், அவர் இருந்த இடத்தை அவை சமமாக வழித்துக்கொண்டிருந்தன.