மறித்த குரல்கள்

மின்கம்பியைப் பிடுங்கி மூன்று நாளாகியும், அலுமாரிக்கு மேலிருந்த இணையப் பெட்டியின் பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

மரியநாயகம் அதையே பார்த்திருந்தார். ஊருக்குப் பொதுவான கம்பியில்லா இணையத்தின் அன்ரனா முன்பு அவருடைய கூரையில்தான் நின்றது. மாலையானால் முல்லைத்தீவின் அந்தக் கரையோரத் தெரு முழுவதும் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கதைக்க அவர் முற்றத்துக்கு வரும். அவர் கதிரைகள் போட்டு, இஞ்சி தட்டிய தேநீர் கொடுப்பார். கோயில் மணி அடிக்கும்வரை சிரிப்பு ஓயாது. பிறகு பக்கத்து வளவில் ஸ்ரனிஸ்லஸ் மாடி கட்டினான். உயரம் கூட என்று ஊர்ச் சங்கத்தார் அன்ரனாவை அங்கே மாற்றினார்கள். சிரிப்பும் வேலிக்கு அப்பால் போனது. கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

அதைப் பொறுக்காமல்தான் தன் பழைய பெட்டியை அதே அலைவரிசையில் ஓடவிட்டார். இரண்டு அலையும் மோத, மாடிக்காரர்களின் பேச்சு பாதியில் அறுந்தது.

"என்னடா, உன்ர மாடியில பேய் குடியிருக்கோ?" என்று வேலியால் எட்டிக் கேட்டார்.

"உப்புக்காத்தாக்கும் அண்ணை," ஸ்ரனிஸ்லஸ் சிரித்தான். "ஒருக்கா ஏறி வந்து பாருங்கோவன். உங்களுக்குத்தானே இதின்ர குணம் தெரியும்."

அவர் போகவில்லை.

மூன்று நாளுக்கு முன், மாடியில் காத்திருந்த அதே தெரு ஞானமலரை, கனடாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவள் மகன் விதுசன் அழைத்தான். மரியநாயகம் வேலியோரம் நின்று கேட்டார். "அம்மா, கேக்குதோ? நான்..." அவ்வளவுதான், இணைப்பு அறுந்தது. அன்றிரவே அவன் இறந்துபோனான்.

பெட்டியின் கம்பியைப் பிடுங்கிவிட்டுச் செத்தவீட்டுக்குப் போனவரின் கையை ஞானமலர் பிடித்துக்கொண்டாள். "தம்பி, என்ர பிள்ளை என்ன சொல்ல வந்தவனோ?"

என்னாலதான் அக்கா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது வெயிலில் தகரக் கூரை சடசடத்தது. அந்த ஒலிக்கு அடியில் வேறொன்று கேட்டது: ஒரு குழந்தைச் சிரிப்பின் பின்பாதி, யாரோ கேட்ட கேள்வியின் வால், ஒரு முத்தச் சத்தம். அவர் மறித்த குரல்களெல்லாம். கூரையில் நெரிந்தன. சுவரால் இறங்கின.

பச்சை விளக்கு அணைந்தது.

தொண்டையில் ஏதோ அசைந்தது.

படலைக்கு வெளியே ஞானமலர் போய்க்கொண்டிருந்தாள். மரியநாயகம் முற்றத்துக்கு ஓடினார். சொல்லிவிட வேண்டும். இப்போதே. வாய் திறந்தார்.

"அம்மா, கேக்குதோ?"

அவருடைய வாய். விதுசனின் குரல்.

இரண்டு கைகளாலும் பொத்தினார். விரல்களுக்கிடையால் அது வந்தது.

"நான்..."

படலை திறந்தது. "ஓம் மகன்," என்றாள் ஞானமலர். முகம் முழுவதும் ஒளி. "இப்ப வடிவாக் கேக்குது. சொல்லு ராசா." கதிரையை இழுத்து, அவர் வாயருகே காதை வைத்தாள்.

அவளுக்குப் பின்னால் ஸ்ரனிஸ்லஸ். அவன் மனைவி. தெருக்காரர். ஒவ்வொருவராக. பழைய கதிரைகளில் அமர்ந்தார்கள். காதுகளை அவர் பக்கம் திருப்பினார்கள்.

முற்றம் நிறைந்துவிட்டது.

தொண்டைக்குள் அடுத்த குரல் ஏறத் தொடங்கியது.