இருபத்தெட்டு மாத்திரைகள்

நாகூர் கடைத்தெருவில் நிலோஃபர் நடத்தும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் ஹுமைரா வேகமாக நுழைந்தாள். அவள் கைப்பையில் ஒரு மாத்திரைப் பெட்டியும், போலீசுக்கு எழுதிய புகார் மனுவும் இருந்தன.

“ஷோபனா மேடம் நீங்கதானே? என் ஓரகத்தி எங்க வீட்டுக்காரரைக் கொல்லப் பார்த்தா. நீங்கதான் அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

மலேரியா பிரிவில் முப்பது வருடம் ரத்த ஸ்லைடு பார்த்து ஓய்வு பெற்று, இப்போது நிலோஃபருக்கு உதவியாக வருபவர் ஷோபனா. புரியாத காய்ச்சல் என்றால் டாக்டர்களே அவரைத் தேடுவார்கள். அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து மெல்லக் கண்ணை எடுத்தார்.

“உட்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு.”

ஹுமைரா சொன்னாள். அவள் கணவன் முபாரக்கும் அவனுடைய அண்ணன் ஷேக் பரீதும் கடை போடும் வேலையாக மூன்று மாதம் மொசாம்பிக்கில் இருந்தார்கள். ஒரே அறை, ஒரே சாப்பாடு. மலேரியா வராமலிருக்கத் தினம் ஒன்று போட வேண்டிய மாத்திரைகளைப் பரீதின் மனைவி ஷமீராதான் இரண்டு பெட்டிகளில் எண்ணிப் போட்டுக் கொடுத்தாள். கல்யாணத்துக்கு முன் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். ஊர் திரும்பிய பன்னிரண்டாம் நாள் இருவருக்கும் காய்ச்சல். பரீத் இரண்டே நாளில் எழுந்துவிட்டார். முபாரக்குக்கு மூளைக்கு ஏறிவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்து, இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறான்.

“அவ புருஷனுக்கு நல்ல மாத்திரை. எனக்கு வாய்ச்சவருக்குப் போலி. வீட்ல எல்லாருக்கும் முன்னாடி கேட்டேன். பதில் பேசாம காரைக்கால்ல இருக்கற தாய் வீட்டுக்குப் போயிட்டா.”

நிலோஃபர் ஆவலோடு எட்டிப் பார்த்தாள். “அக்கா, மாத்திரையைச் சோதனைக்கு அனுப்பிடுவோமா?”

“அவசரப்படாதே. பெட்டியைக் காட்டும்மா.”

ஹுமைரா பெட்டியைக் கொடுத்தாள். ஆனால் மூடியின் ஓரத்தில் பசைத் தடம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டே நீட்டினாள். ஷோபனா அதைக் கவனித்துக்கொண்டார். மிச்ச மாத்திரைகளை எண்ணினார். இருபத்தெட்டு.

“உன் மச்சான் பரீதையும் அவர் பெட்டியோட வரச் சொல்லு.”

காத்திருந்த நேரத்தில் ஹுமைராவின் நெஞ்சு பழைய நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரே வீடு. மாமியார் முபாரக்கைப் பெற்றவர். பரீத் மூத்த தாரத்து மகன். ஆனாலும் மாமிக்கு ஷமீரா வைத்தால்தான் சோற்றுக்கு ஊற்றும் மீன் ஆணம் ருசிக்கும். “லாத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க,” என்பான் முபாரக், அக்கா முறையில் ஷமீராவைச் சொல்லி, எதற்கெடுத்தாலும். அந்த ஒரு வார்த்தைதான் அவளை அரித்தது.

பரீத் வந்தார். தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை மேசையில் வைத்தார். அதிலும் மிச்சம் இருபத்தெட்டு. அதன் மூடியில் ஷமீராவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘ஊர் வந்த பிறகும் 28 நாள் போடவும்.’

“நீங்க ஏன் போடலை?” என்றார் ஷோபனா.

“வீடு வந்த சந்தோஷத்துல மறந்துட்டேன் மேடம்.”

“இந்தப் பெட்டியிலயும் இதே மாதிரி சீட்டு இருந்திருக்கு. யாரோ கிழிச்சிருக்காங்க.” ஷோபனா ஹுமைராவின் பக்கம் திரும்பினார். “அங்க இருந்த மூணு மாசமும் ரெண்டு பேருக்கும் காய்ச்சல் வரலை. அப்ப மாத்திரை வேலை செஞ்சிருக்கு. கிருமி ஈரல்ல ஒளிஞ்சிருந்து அப்புறமா ரத்தத்துக்கு வரும். அதுக்குத்தான் இந்த இருபத்தெட்டு நாள். ரெண்டு பேரும் ஒரே நாள் நிறுத்தியிருக்காங்க. இதுல போலி எங்க இருக்கு?”

“அப்ப இவரை மட்டும் ஏன் விட்டுச்சு?” ஹுமைராவின் குரல் கீச்சிட்டது.

“எனக்குத் தெரியும்!” என்றாள் நிலோஃபர். “இவரு முன்னாடியே ஆப்பிரிக்காவுல இருந்தவரு. உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி பழகியிருக்கும்.”

“அது பதினாலு வருஷம் முன்னாடி,” என்றார் பரீத்.

“திரும்பத் திரும்பக் கொசுக்கடி வாங்கினாத்தான் அந்தச் சக்தி நிக்கும். சில வருஷத்துல கரைஞ்சிடும்,” என்றார் ஷோபனா. “இவர் காய்ச்சல் வந்த அன்னிக்கு இங்க கொடுத்த ரத்தத்தோட ஸ்லைடு இருக்கு. நீ கிருமியைத்தான் பார்த்தே நிலோ. அணுவோட வடிவத்தைப் பார்க்கலை. வட்டமா இருக்க வேண்டிய சிவப்பணு நிறைய நீள்வட்டமா இருக்கு, நடுவுல குறுக்குக் கோடு. மலாய்ப் பக்கத்துப் பரம்பரையில வர்றது. கிருமி நுழைஞ்சாலும் மூளைக்கு ஏறவிடாது. பரீத், உங்க உம்மா எந்த ஊரு?”

“பினாங்கு.”

“முபாரக்கோட உம்மா?”

“இங்கதான், நாகூர்.”

ஹுமைரா பரீதின் பெட்டியைத் தள்ளி வைத்தாள். ரத்தத்தில்கூட அந்தப் பக்கத்துக்கே ஒரு படி அதிகமாகக் கொடுத்திருக்கிறானே இறைவன்!

“கொடுத்து வச்சவ ஷமீரா,” என்று முணுமுணுத்தாள்.

ஷோபனா பரீதிடம் தயங்கிக் கேட்டார்: “ஷமீரா உங்களுக்குச் சொந்தமா?”

“தாய்மாமன் மகள்.”

“கர்ப்பம் ஏதாவது தங்காமப் போயிருக்கா?”

“மூணு. ஒரே ஒரு மகள்தான் தங்கினா.”

“ஷமீராவோட ரத்தத்தைப் பார்க்காம நான் உறுதியா சொல்ல முடியாது. ஆனா தாய் தகப்பன் ரெண்டு பேருக்கும் இந்த ரத்தம் இருந்து, பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்துட்டா, அது பெரும்பாலும் வயித்துலயே தங்காது. ரெண்டு பேரும் டாக்டரைப் பாருங்க.”

ஹுமைராவுக்கு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. மூன்றாவது முறை ஷமீரா வெறும் கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, ஹுமைரா தன் கடைக்குட்டி பிறந்த நாற்பதாம் நாள் விருந்து வைத்திருந்தாள். தள்ளிப் போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து வைத்த விருந்து.

“சீட்டை நான்தான் கிழிச்சேன்,” என்றாள். “வீட்டுக்கு வந்தப்புறமும் அவ சொல்ற மாத்திரையைத்தான் போடணுமான்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர் சண்டை வேண்டாம்னு நிறுத்திட்டார்.”

மனுவை நான்காகக் கிழித்து நிலோஃபரின் குப்பைத் தொட்டியில் போட்டாள். நேரே காரைக்கால் பஸ் ஏறினாள்.

ஷமீரா கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே ஹுமைரா எல்லாவற்றையும் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. ஷமீரா கதவு நிலையைப் பற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முபாரக் சாப்பிடுறாரா?” என்று கடைசியில் கேட்டாள்.

“கஞ்சி குடிக்கிறார், லாத்தா.”

“உள்ள வான்னு கூப்பிட இன்னிக்கு எனக்கு வாய் வரலை, ஹுமைரா,” என்றாள் ஷமீரா. “வெள்ளிக்கிழமை வா.”