நாற்பத்தொரு தையல்நாயகிகள்

செவ்வாய்க் கோளில் அறிவியல் கழகத்துக் கூட்டம் எதுவும் பச்சை விளக்கு எரியாமல் தொடங்காது. ஒவ்வொரு அறையிலும் கதவுக்கு மேலே ஒரு பன்மைவிளக்கு உண்டு. உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் எங்கே பிறந்தவர்கள் என்பதை அது தானாகவே பார்த்துக்கொள்ளும். எல்லோரும் பூமியில் பிறந்து வந்த புவியார் என்றால் சிவப்பு. செவ்வாயின் சுரங்கக் குகைகளில் பிறந்த குகையார் உறுப்பினர் ஒருவராவது இருந்தால் பச்சை. சிவப்பில் எடுக்கிற முடிவு செல்லாது. பதிவுப்பொறி அதை ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளாது.

கழகத்தில் கூட்ட அறைகள் நாற்பது. குகையார் ஒரே ஒருத்தி. முனைவர் தையல்நாயகி, பூமிக் கணக்கில் வயது ஐம்பத்தேழு. ஆகவே அவளுடைய நாற்காலிக்குத் தண்டவாளம் போட்டிருந்தார்கள்.

காலை எட்டு மணிக்கு அவள் ஏறி உட்கார்ந்தால் நாற்காலி முதல் அறைக்குள் போகும். விளக்கு பச்சையாகும். உள்ளே இருப்பவர்கள் அவசர அவசரமாகத் தீர்மானங்களை நிறைவேற்றுவார்கள். பத்து நிமிடத்தில் நாற்காலி கிளம்பி அடுத்த அறைக்கு ஓடும். முதல் அறையில் கொடுக்கும் காப்பியை அவள் மூன்றாவது அறையில் குடித்து முடிப்பாள். எந்த அறையில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மனத்துக்குள் ஒவ்வொருவனையும் வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருப்பாள். முகத்தில் மட்டும் சுவரொட்டிக்குப் பிடித்து வைத்த மாதிரி ஒரு சிரிப்பு இருக்கும்.

அந்தச் சுவரொட்டி கோளெங்கும் ஒட்டப்பட்டிருந்தது. ‘அறிவியல் எல்லோருக்கும்’ என்ற எழுத்துகளுக்குக் கீழே அவள் முகம்.

மூன்று தலைமுறைக்கு முன்னால் குடைவு வேலைக்காகப் பூமியின் தெற்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குகையில் குடியேற்றினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். எடை குறைந்த இடத்தில் வளர்ந்த மூளைக்குக் கனமான விஷயம் ஏறாது என்று புவியார் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, அதற்கு விருதும் வாங்கினார்கள். அதையும் மீறிப் படித்துக் கழகத்துக்குள் நுழைந்த முதல் ஆள் தையல்நாயகி. முப்பத்தொரு வயதில், ஆழத்து உப்பூற்று நீரிலிருந்து விட்டுவிட்டு வாயு வருவதை அவள் கண்டுபிடித்தாள். உள்ளே உயிர் இருக்கலாம் என்று எழுதினாள். கழகம் அவளை மாலை போட்டுப் பாராட்டி, அறிவியல் பரப்பும் தூதராக்கி, ஆய்வகத்திலிருந்து வெளியே அனுப்பியது. இருநூற்றுப் பன்னிரண்டு குகைப் பள்ளிகளில் பேசினாள். ஒன்பது நாள் பட்டினி கிடந்து பன்மைவிளக்குச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அவள்தான். வரைவு முழுவதும் அவள் கைப்பட எழுதியது. கழகத்தில் பத்தில் ஒரு பங்கு குகையாருக்கு என்ற விதியும் அதில் உண்டு.

இருபத்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அவளுக்குப் பிறகு ஒரு குகையாரும் உள்ளே வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, அதுதான் விசேஷம். புவியாருக்கான தேர்வு பூமியிலேயே நடந்துவிடும், அங்கே விளக்கு கிடையாது. குகையாருக்கான நேர்காணல் இங்கே நடக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் முழுக்க விளக்கு பச்சையாக எரிய வேண்டும். தையல்நாயகியை நாள் முழுக்க ஒரே அறையில் உட்காரவைத்தால் மற்ற முப்பத்தொன்பது அறைகளும் சிவந்துபோகும். அதனால் ஆண்டுதோறும் தள்ளிக்கொண்டே போனார்கள்.

அன்றைக்கு நாற்காலி பதினோராம் அறையிலிருந்து வெளியே வந்ததும் சட்டென்று நின்றது. தண்டவாளத்தின் மேல் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். நெடுநெடுவென்ற குகையாள். கையில் துளைப்பொறி எண்ணெயின் கறை.

“யக்கா, கொஞ்சம் கீழ எறங்குவீயளா, இல்ல இருந்தமேனிக்கே பேசுவீயளா?”

“பன்னெண்டாம் ரூம்ல கூட்டம் இருக்கு தம்பி. வழிய விடுங்க.”

“ஒங்களுக்கு எப்பந்தான் கூட்டம் இல்ல? எம்பேரு மாசானமுத்து. ஏழாம் ஊத்துல துளைப்பொறி ஓட்டுதேன். எனக்குப் பதினஞ்சு வயசா இருக்கையில எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தீய. அறிவியல் எல்லாருக்கும்னு சொன்னீய. நானும் கூறுகெட்டுப்போய் நம்பித் தொலைச்சேன்.”

அவன் ஒரு நோட்டை அவள் மடியில் போட்டான். போட்டான் என்பதைவிட எறிந்தான் என்பதே சரி.

“எட்டு வருசக் கணக்கு. ஏழாம் ஊத்து மூச்சு விடுது. நாப்பது நாள்ல அந்தத் தண்ணிய மொத்தமா எறைச்சுக் குடிநீருக்கு எடுக்கப் போறாவ. தடைபோட ஆய்வுரிமை உள்ள ஆளு வேணும். அது ஒங்களுக்கு இருக்கும்லா?”

அவளுக்கு இல்லை. ஐந்தாண்டு ஆய்வகத்தில் காலடி வைக்காவிட்டால் ஆய்வுரிமை தானாகக் காலாவதியாகும். அவள் காலடி வைத்து இருபத்தாறு ஆண்டாகிறது. அதைச் சொன்னபோது மாசானமுத்து அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

“அப்பம் இங்கன இருந்து என்னத்தக்கா கிழிச்சீய?”

“வாய அடக்கிப் பேசுங்க. இந்த விளக்கு யாரால எரியுதுன்னு தெரியுமா?”

“எரியுது. எரிஞ்சு என்னத்தக் கண்டோம்? என் விண்ணப்பத்த ஆறு வருசமா வச்சிருக்காவ. என்னை உள்ள சேருங்க, தடைய நானே போட்டுக்கிடுதேன்.”

அவன் விலகிப் போனான். அவள் கோபத்தோடுதான் நோட்டைத் திறந்தாள். பன்னிரண்டாம் அறையில் தொடங்கி இருபதாம் அறைவரை அதிலேயே மூழ்கிப்போனாள். இருபத்தாறு ஆண்டுக்கு முன்னால் அவள் கேள்வியாக விட்டுப்போனதற்கு இந்தத் துளைப்பொறிக்காரன் விடை எழுதியிருந்தான். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமைக்குள்ளேயே, எத்தனையோ காலமாக அவள் மறந்திருந்த ஒரு சந்தோஷமும் இருந்தது. இவனை உள்ளே கொண்டுவராவிட்டால் தான் பேசிய இருநூற்றுப் பன்னிரண்டு பேச்சும் பொய் என்று அவளுக்குத் தோன்றியது.

கழகத் தலைவர் அறிவுடைநம்பியின் அறைக்குள் தண்டவாளம் போகாது. அவள் நடந்தே போனாள்.

“எனக்கு ஒரு நாள் முழுசா வேணும் சார். இந்த வாரமே. மாசானமுத்துவோட நேர்காணலை நடத்தியே ஆகணும்.”

“தாராளமா நடத்தலாம் மேடம்! நானா வேண்டாங்கறேன்? ஆனா மத்த ரூமெல்லாம் செவந்துடுமே.” அவர் மேசைக்குள்ளிருந்து ஒரு திட்டக் கோப்பை எடுத்தார். “இதுக்குத்தான் ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கோம். படிவர்.”

படிவர் என்றால் ஆளின் பிரதி. பிசினால் செய்த உடம்பு. அதே முகம், அதே குரல், அதே நடை. கருத்துக் கேட்டால், மூலத்துக்காரர் அந்த இடத்தில் என்ன சொல்வாரோ அதைச் சொல்லும்.

“மனசைப் பிரதி எடுக்கற வித்தை இன்னும் வரலை. ஆனா உங்களோட இருபத்தாறு வருஷக் கூட்டப் பதிவு முழுசா இருக்கு. அதுவே போதும்னு சொல்றாங்க. ரூமுக்கு ஒண்ணா நாப்பது செஞ்சுட்டா, அவங்க அங்கங்க உக்காந்துக்குவாங்க. நீங்க ஃப்ரீ.”

“விளக்கை ஏமாத்தச் சொல்றீங்களா?”

“இதுல ஏமாத்து எங்க இருக்கு? ‘குகையில் பிறந்த உறுப்பினர்’னு மட்டுந்தான் சட்டத்துல எழுதியிருக்கீங்க. படிவர் செய்யற பட்டறை குகையிலதான் இருக்கு. அங்கதான் பிறக்கப் போறாங்க. உறுப்பினரோட பிரதியும் உறுப்பினர்தானே. சட்டம் நீங்க எழுதுனது மேடம், உங்களுக்குத் தெரியாததா?”

அறிவுடைநம்பி இத்தனை இனிமையாகப் பேசினால் எங்கோ குழி வெட்டியிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஏழாம் ஊற்றுக்கு இன்னும் நாற்பது நாள்தான் இருந்தது. நாற்காலியை விட்டு இறங்கலாம் என்ற ஆசை வேறு. கையெழுத்துப் போட்டாள்.

பட்டறையில் படிவர்களைச் செய்து முடிக்க இருபத்தெட்டு நாளாயிற்று. மறுநாளே நேர்காணல் நடந்தது. நாற்பது அறைகளிலும் நாற்பது தையல்நாயகிகள் உட்கார்ந்திருக்க, அசல் தையல்நாயகி மட்டும் காலைமுதல் ஒரே இடத்தில் இருந்தாள். எதிரே மாசானமுத்து. கேள்வி கேட்க அறிவுடைநம்பியும் இரண்டு புவியார் பேராசிரியர்களும்.

எடை குறைந்த மூளை என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ‘சூழலுக்குப் பொருந்துவாரா’ என்று கேட்கிறார்கள்.

“உங்க பேச்சு எங்களுக்குக் கொஞ்சம் புரியலை” என்றார் ஒரு பேராசிரியர். “வாயு பாறையிலேருந்து வரலைன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

“பம்பு சூடானா வாயு வருது. ஆறுனா நிக்கிது. பாறைன்னா அந்தமட்டுலயே நிக்கணும்லா? இது முக்கா மணி நேரம் கழிச்சு நிக்கிது. உப்பக் கூட்டிப் பார்த்தேன், ஒண்ணரை மணி நேரம் ஆக்குது. இத்தன நெதானமாப் பாறை நிக்குமா? நீங்க நின்னு பாத்திருக்கீயளா?”

பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். தையல்நாயகி குறுக்கே விழுந்து சண்டை போட்டாள். மாலைவரை போட்டாள். கடைசியில் மதிப்பெண்ணைப் பொறி அறிவித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. கழக வரலாற்றிலேயே அதிகம். மாசானமுத்து முதல் தடவையாக அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பதிவுப்பொறி தொடர்ந்தது. “சேர்க்கை இயலாது. குகையாரின் பங்கு பத்தில் ஒன்று. மொத்த உறுப்பினர் இருநூற்று நாற்பது. அதில் குகையார் நாற்பத்தொருவர். உரிய அளவு இருபத்து நான்கு. இனி நூற்றெழுபத்தொன்பது புவியாரைச் சேர்த்த பிறகே அடுத்த குகையாரைச் சேர்க்க முடியும்.”

“அந்த நாப்பது பேரும் நான்தான்யா!” என்று கத்தினாள் தையல்நாயகி.

அறிவுடைநம்பி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “மேடம், ஒரு குகையாரைப் பார்த்தா எல்லாரையும் பார்த்த மாதிரின்னு சொன்ன காலமெல்லாம் போயிடுச்சு. நீங்களே இப்படிப் பேசலாமா?”

அவளுக்கு ஒரு வழி நினைவுக்கு வந்தது. குகையார் உறுப்பினர் எல்லோரும் கூடிப் பெரும்பான்மையாகக் கேட்டால் பங்கு விதிக்கு விலக்குத் தரலாம் என்று சட்டத்தில் எழுதியிருந்தாள். இத்தனை காலம் ஒற்றை ஆளாக இருந்ததால் அது பயன்படவில்லை. இப்போதுதான் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்களே! நாற்பதும் அவளேதானே!

“கூப்பிடுங்க எல்லாரையும்” என்றாள். மாசானமுத்துவிடம் குனிந்து, “கவலப்படாதீய. முடிஞ்சுது” என்றாள்.

நாற்பது பேரும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். தன் சிரிப்பை வெளியிலிருந்து அவள் அதுவரை பார்த்ததில்லை. நல்ல சிரிப்பு. யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராத சிரிப்பு. அவள் எழுந்து, ஏழாம் ஊற்றுக்கு இன்னும் பதினோரு நாளே இருப்பதைச் சொல்லி, கை கூப்பாத குறையாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

முதல் படிவர் எழுந்தது. “மாசானமுத்து அவர்களின் உழைப்பு பாராட்டுக்குரியது. இந்த முயற்சியை நான் மனமார வரவேற்கிறேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்.”

இரண்டாவது எழுந்தது. “மனமார வரவேற்கிறேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்.”

மூன்றாவதும் அதையேதான் சொன்னது.

“நான் இப்படிச் சொல்ல மாட்டேன்! இது என் கருத்தே இல்ல!”

பதிவுப்பொறி பணிவாகத் திருத்தியது. “முனைவர் தையல்நாயகி இச்சொற்களைக் கூட்டங்களில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு முறை கூறியுள்ளார். எந்தத் தீர்மானத்துக்கும் எதிராக வாக்களித்ததில்லை.”

உண்மைதான். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் மல்லுக்கு நின்றால் நாற்காலியே போய்விடும், பெரிய விஷயம் வரும்போது எழுந்து நிற்கலாம் என்று காத்திருந்தாள். அவள் மனத்தில் திட்டிய வசவெல்லாம் சேர்த்தால் பத்துப் புத்தகம் வரும். பதிவில் ஒரு வரி இல்லை. பல்லைக் கடித்த சத்தமும் இல்லை.

நாற்பதாவது படிவர் சொல்லி உட்கார்ந்தபோது மாசானமுத்து நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

“இத்தன வருசமா அவனுவதான் வழிய மறிக்கானுவன்னு நெனச்சேன்” என்றான் அவளிடம். குரலை உயர்த்தவில்லை. “அடுத்த சேர்க்கைக் கூட்டம் நாலு மாசம் கழிச்சுத்தானக்கா? அதுக்குள்ள அந்தத் தண்ணிய நீங்க காப்பியாவே குடிச்சிருப்பீய.”

அவன் போய்விட்டான். அவள் அவன் பின்னால் எழுந்தாள். அதற்குள் பதிவுப்பொறி தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டது.

“குகையார் உறுப்பினர்களின் பெரும்பான்மை விருப்பத்துக்கு மதிப்பளித்து விண்ணப்பம் ஒத்திவைக்கப்படுகிறது. ஒத்திவைக்க நாற்பது, எதிர்ப்பு ஒன்று. எதிர்த்து எழுந்த ஒற்றைக் குரலையும் கழகம் மதிக்கிறது. குகையாருக்குள்ளேயே சிறுபான்மையாகிப் போனவர்களின் குறைகளைக் கேட்க ஒரு தனிக்குழு அமைக்கப்படுகிறது. அதன் தலைவராகப் படிவர் பதினேழு நியமிக்கப்படுகிறார்.”

அறிவுடைநம்பி கைதட்டினார். பேராசிரியர்கள் தட்டினார்கள். நாற்பது தையல்நாயகிகளும் தட்டினார்கள்.

“அயோக்கியப் பயலுகளா!” என்று தையல்நாயகி கூவினாள். இருபத்தாறு ஆண்டில் அவள் கூட்டத்தில் வாய்விட்டுத் திட்டியது அதுவே முதல் தடவை. எட்டி மேசைமேல் இருந்த தீர்மானக் கோப்பைப் பிடித்து இழுத்தாள்.

பதினேழாவது தையல்நாயகி எழுந்து வந்து, அவள் கையை மெல்ல விலக்கி, கோப்பின் தாள்களைச் சரியாக அடுக்கி வைத்தது. பிறகு முகம் மாறாமல் சொன்னது:

“உங்க கோபத்தை நான் மனமார வரவேற்கிறேன், மேடம்.”